கேற்றடியில் நின்றவர்

ஊரில் சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

“இஞ்சாருங்கோ, ஆரோ கேற்றடியில நிண்டு எங்கட வீட்டையே பாக்கிறார்” என்றாள் தேவமலர்.

கணவன் ஜெபநேசன் போய்க் கதைத்துவிட்டு வந்தார்.

“சண்டையோட தங்கட ஆக்கள் விட்டிட்டுப் போன வீடாம். ஒருக்கா உள்ளுக்கு வந்து பாக்கட்டோ எண்டு கேக்கிறார்.”

தேவமலர் கதவை மறித்து நின்றாள். “இப்பிடித்தான் தொடங்குவினம். வீட்டு உறுதி எங்கட பேரிலதானே இருக்கு?”

“பாவம், வயசான மனிசன். வரட்டும்.”

வந்தவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வாசல் நிலையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றார். தேவமலர் தேத்தண்ணி கொண்டுவந்தாள். தங்கள் சமயத்தில் தேத்தண்ணி குடிப்பதில்லை, தண்ணீர் போதும் என்றார் அவர்.

“எந்தச் சண்டையில போனவையாம்?”

ஜெபநேசன் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னார். “ஆயிரத்தெண்ணூற்றி அறுபத்திநாலில, ஜேர்மன்காரரோட டென்மார்க் பிடிச்ச சண்டையாம்.”

வந்தவர் அமெரிக்கர். அவருடைய பூட்டன் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்ததால், டென்மார்க்கில் இவர்கள் இப்போது இருக்கும் இந்த ஹோர்சன்ஸ் ஊரே அவரை ஒதுக்கிவைத்ததாம். சண்டை முடிந்த கையோடு கப்பலேறி, மாட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தே அமெரிக்காவின் யூட்டா போய், உப்புத் தரையில் வாய்க்கால் வெட்டி ஓர் ஊரை உண்டாக்கி, சாகும்வரை அதற்குத் தலைவராக இருந்தாராம். இந்த வாசலை மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

வந்தவர் நிறைந்த முகத்தோடு விடைபெற்றுப் போனார்.

“நல்லாப் பயந்திட்டாய் என்ன?” என்று ஜெபநேசன் சிரித்தார்.

“ஓம். ஆனா அடுத்த மாதம் வாழைச்சேனையில நாங்கள் சண்டையோட விட்டிட்டு வந்த எங்கட வீட்டுக் கேற்றடியில நாங்கள் போய் நிக்கேக்கை, உள்ளுக்கு இருக்கிறவை பயப்பிடாமல் தேத்தண்ணி ஊத்தவேணும்.”