மெத்தென்ற கையுறை

தேனியில் விளையாட்டுச் சாமான் கடையொன்றில், மகளுக்காகக் கராத்தே கையுறைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார் கூடலூர் சுருளிராஜன்.

“இதப் போட்டா அடி சுருக்குன்னு எறங்கும்ணே,” என்றார் கடைக்காரர்.

“வேண்டாம்ப்பா. அடி வாங்குற ஆளுக்கு வலிக்கக் கூடாது. இன்னும் மெத்துன்னு காட்டு.”

“எதிராளி மேல இம்புட்டுக் கரிசனமா! பாப்பா அடிக்கடி போட்டிக்குப் போகுமோ?”

“தெனமும் சண்டதான்,” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில், கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்த மகளின் கைகளை மனைவி அவிழ்த்துவிட்டாள். உமாதேவி வளர்ந்த பெண். பிறந்ததிலிருந்து பேச்சில்லை, தான் என்ன செய்கிறோம் என்ற அறிவும் இல்லை. சுருளிராஜன் உறைகளை மாட்டிவிட்டதும், வழக்கம்போலத் தன் முகத்திலேயே மாறி மாறிக் குத்திக்கொண்டாள்.

மனைவி கிட்டே போய் மகளின் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

“ரத்தம் வரலைங்க. இனிமே புள்ளயக் கட்டிப்போட வேண்டாமுல்ல?” என்றவள், அப்படியே உட்கார்ந்து அழுதாள்.