சர்மிளாவின் நிரை

"கங்காணி, எனக்குப் பிரிச்சுவிட்ட செடி நிரையில கொழுந்து திருடுறாங்க," என்றாள் சர்மிளா.

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரோட அக்கா. பரிமளம்."

நல்லமுத்து கங்காணி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வீட்டுச் சண்டை தேயிலை மலைக்கே வந்துவிட்டது. ஆனாலும் விஷயம் சின்னதில்லை. சர்மிளா முழுகாமல் இருக்கிறாள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான்.

"நீ பாத்தியா?"

"காலையில பெரட்டுல பேர் பதியிறதுக்கு முன்னாடியே மலைக்குப் போறாங்க. நேத்து கோயில்கிட்ட நின்னு பாத்தேன். என் நிரைக்குள்ள குனிஞ்சு நிக்கிறாங்க."

சர்மிளாவுக்கு அதிலிருந்து சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

போன வருடம் இதே மலையில்தான் அது நடந்தது. செடிக்குச் செடி வட்டமாக வலை கட்டும் தோட்டச் சிலந்தி ஒன்று முகத்தில் ஏறியது. பதறி ஓடிச் சரிவில் விழுந்தாள். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று பரிமளம் கேட்டாள், "ஒரு பூச்சிக்குப் பயந்தா புள்ளயத் தொலச்ச?"

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றோடு பேச்சு நின்றது.

மறுநாள் பனி விலகுவதற்குள் கங்காணியும் சர்மிளாவும் மலையேறினார்கள். சொன்ன மாதிரியே பரிமளம் சர்மிளாவின் நிரையில் நின்றாள். முதுகில் கூடை.

"பரிமளம், கூடையை எறக்கு."

"எதுக்குங்க கங்காணி?"

"எறக்குன்னா எறக்கு."

"எறக்குறேன். மொதல்ல அவள அங்குட்டுப் போகச் சொல்லுங்க."

"பாத்தீங்களா? மாட்டிக்கிட்டதும் என்னை வெரட்டுறாங்க," என்றாள் சர்மிளா. ஒரு அடிகூட நகரவில்லை.

கங்காணியே கூடையை இழுத்து உள்ளே பார்த்தார். ஒரு கொழுந்துகூட இல்லை. வலை சுற்றிய ஒரு குச்சி கிடந்தது. பக்கத்தில் மூடியில் ஓட்டை போட்ட ஜாம் போத்தல். அதற்குள் சிலந்திகள் ஊர்ந்தன.

"என்ன இது? நசுக்கிப் போட்டா முடிஞ்சுது. சுமந்துகிட்டுத் திரியிற?"

பரிமளம் போத்தலை வெடுக்கென்று பிடுங்கிச் சேலைக்குள் மறைத்தாள். சர்மிளா பக்கம் திரும்பவே இல்லை.

"புள்ளத்தாச்சி இருக்கிற வீடுங்க, ஒரு உசிரக் கொல்லலாமா? காட்டுல கொண்டு போய் விட்டுர்றேன். அவ கண்ணுல மட்டும் காட்டிறாதீங்க, பயந்துருவா."