தலைப்பெழுத்து

களிமண்ணை மறுபடி உருட்டினாள்.

இது குளத்து மண் இல்லை. கடையில் கலர் கலராக பிளாஸ்டிக் உறையில் வரும் பாலிமர் களிமண். சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, வட்டமாக வெட்டி, பல்குத்தும் குச்சியால் பெயர் கீறி, கேக் ஓவனில் வைத்தால் கல்லாகிவிடும். அப்புறம் ஒரு சுழியைக்கூடத் திருத்த முடியாது.

பரிசுப் பொட்டலத்தில் கட்டுகிற பெயர்ச் சீட்டுதான். சீட்டு என்று சொன்னால் மாமியாருக்குப் பிடிக்காது.

டேக். கையால் செய்த டேக்.

யார் கையால் என்பதை, கூட்டத்தில் அறிவித்தபோது மாமியார் சொல்லவில்லை.

மாமியார் எப்சிபா டீச்சர். பாளையங்கோட்டையில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும். இப்போது சபையின் பெண்கள் சங்கத் தலைவி.

கிறிஸ்மஸ் விருந்தன்று சங்கத்தில் எல்லாருக்கும் ஒரு பரிசு. எல்லாப் பொட்டலத்திலும் அதே சோப்பு டப்பா. வித்தியாசம் டேக்கில்.

காபி டம்ளரைக் கவிழ்த்து அழுத்தினாள். அழகான வட்டம். இதுவே போதும் என்று நினைத்தாள்.

பிறகு பட்டங்கள் வந்தன.

எம்.ஏ., பி.எட். வரை டம்ளர் தாங்கியது. எம்.பில். சேர்ந்ததும் டிபன் பாக்ஸ் மூடிக்கு மாறினாள். ஒரு முனைவர் வந்தபோது சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பார்த்தாள்.

பாதிரியாரின் மனைவிக்குப் பட்டம் இல்லை. ஆனாலும் பெரிய வட்டம்தான். காலி இடத்தில் நட்சத்திரம் போடச் சொன்னார் மாமியார்.

பாத்திரம் கழுவ வரும் ஞானப்பூ அக்காவுக்கு மருந்து பாட்டில் மூடி போதுமாம்.

கடைசியாக அவளுடையது.

அவளுக்கு இது தலைக் கிறிஸ்மஸ்.

டம்ளர் வட்டம். குச்சியை எடுத்தாள்.

ஹாலிலிருந்து குரல் வந்தது.

“எம்.எஸ்சி. போட மறந்துராதம்மா. வெறும் ரூத்துன்னு தொங்குனா, டீச்சர் மருமவ எட்டாங்கிளாஸ் போலன்னுருவாளுவ.”

குச்சி நின்றது.

ரூத். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர். வேதாகமத்தில், மாமியாரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று கூடவே போன மருமகளின் பெயர்.

தேர்ந்தெடுத்தது மாமியார்.

நல்ல பெயர்தான். கூப்பிட ஆரம்பிக்கும்போதே முடிந்துவிடும்.

“எம்.எஸ்சி. ரூத்துக்கு இல்ல மாமி.”

“பின்ன யாருக்காம்?”

“பரீட்சை எழுதினது இசக்கியம்மாள்லா. சர்ட்டிபிகேட்டுல அப்படித்தான இருக்கு.”

டிவி சத்தம் குறைந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பெயர் ஒலிப்பது இதுதான் முதல் தடவை.

கல்லூரி ஆய்வகத்தில் ‘இசக்கி, இசக்கி’ என்று ஓயாமல் பிப்பெட் இரவல் கேட்டவன்தான் கணவன். இப்போது தனியறையிலும் ரூத் என்கிறான். தன் அம்மா முன்னால் வாய் தவறிவிடக் கூடாதே என்று பழகினான். பழகிவிட்டது.

அவளைப் பெற்றவள் இங்கே வந்தால் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. ‘ஏளா’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

ரூத் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. ரூத்துக்குப் பள்ளிக்கூடத் தோழிகள் கிடையாது. முழங்காலில் இருக்கும் தழும்பு ரூத் விழுந்து வந்ததில்லை. ரூத்துக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை.

மாமியார் எழுந்து வந்தார். மேசைப் பக்கம் நின்று மண்வட்டத்தைப் பார்த்தார்.

யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஒரு பக்கம் ஊர்க்கோடி அம்மனின் பெயர். இன்னொரு பக்கம் எம்.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு.

சங்கத்துத் துணைத்தலைவியின் மருமகள் வெறும் பி.காம்.

“ஒண்ணு செய்வோம்.” ஒரே வகுப்புக்கு இரண்டு டீச்சர் வந்து நின்றால் தீர்த்துவைக்கிற குரல். “இ-ன்னு இனிஷியலாப் போட்டுக்கோ. இ. ரூத், எம்.எஸ்சி. பொய்யும் இல்ல பாத்தியா. யாராவது கேட்டா இம்மானுவேல்னு சொல்லிரு.”

திருப்தியாகத் திரும்பிப் போனார். டிவி சத்தம் கூடியது.

அவள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனிஷியல் என்றால் அப்பாவின் இடம். ‘மா.’ என்று அங்கே உட்கார்ந்திருந்தவர் மாடசாமி. ஞானஸ்நானத்தன்றே அவரை இறக்கிவிட்டாயிற்று. இப்போது அந்த நாற்காலியில் இசக்கி.

தனக்குத் தானே தகப்பன்.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

ஓர் எழுத்து, ஒரு புள்ளி. அவ்வளவுக்குச் சுருக்கிவிட்டால் இசக்கியும் இந்த வீட்டில் இருந்துகொள்ளலாம். யாருக்கும் தொந்தரவில்லை. இடம் கொடுத்ததே பெரிது என்று இருந்துவிடலாம்.

குச்சியை அழுத்தி ‘இ’ கீறினாள். சுழி நன்றாக வந்தது.

அடுத்தது புள்ளி.

குச்சி முனை மண்ணுக்கு மேலே நின்றது.

புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ‘ச’ எழுதினாள்.

“முடிஞ்சிட்டாம்மா? ஓவன் சூடாயிட்டு.”

“இன்னும் ரெண்டு எழுத்து, மாமி.”