பஞ்சு வைத்த தோட்டா

துப்பாக்கி வெடித்த சத்தம் ஹானலிக்கு மறந்துபோயிற்று. அதன் பின்னாலேயே வந்த சத்தம்தான் இத்தனை வருஷமாகியும் காதை விட்டுப் போகவில்லை.

தொப்.

வாட்டர்பர்க் மலையடியில் வருஷா வருஷம் நடக்கும் பெருந்துப்பாக்கிப் போட்டியில், யானையையே நிறுத்தும் துப்பாக்கி உதைத்து, அவள் கணவர் ஃபானி புழுதியில் உட்கார்ந்த சத்தம். அப்புறம் துப்பாக்கிச் சங்கம் மொத்தமும் சிரித்த சிரிப்பு.

அன்றைக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து இரும்புத் தகடு வைத்த டாக்டர், இனிமேல் காட்டு வேட்டையே கூடாது என்றார். போட்டிப் பக்கமும் ஃபானி போகவில்லை.

இந்த வருஷம் திடீரென்று பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"இந்தத் தடவையும் விழுந்தேன்னு வை, துப்பாக்கிய வித்துட்டுக் கோழி வளர்க்கப் போறேன்."

"கோழி மட்டும் உங்களப் பாத்துச் சிரிக்காதா?" என்றாள் ஹானலி. ஆனால் துப்பாக்கி போனால் இந்த மனுஷனிடம் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் யாரும் கடைத் தோட்டா வாங்குவதில்லை. பக்கத்துப் பண்ணை லோரன்ஸ் வீட்டுக் கொட்டகையில்தான் எல்லோருக்கும் தோட்டா அடைப்பது. லோரன்ஸ் சுடுவார், அவர் மனைவி எல்சபே அடைப்பாள்.

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது, வாங்கின கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன ஹானலி, கொட்டகை ஜன்னல் வழியே ஒன்றைப் பார்த்தாள்.

எல்சபே தராசில் நிறுத்த வெடிமருந்திலிருந்து ஒரு கரண்டி திரும்ப எடுத்தாள். மிச்சத்தைத் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் கொட்டி, மேலே இலவம்பஞ்சு கொஞ்சம் திணித்து, குண்டை அழுத்தி மூடினாள்.

ஹானலி வேட்டைக்காரர் மகள். மருந்து குறைந்தால் கூட்டுக்குள் இடம் காலியாகும். மருந்து உருளாமலிருக்கத்தான் பஞ்சு. மருந்து குறைந்தால் உதையும் குறையும். போட்டியிலோ முழு மருந்துத் தோட்டா மட்டும்தான் செல்லும்.

'அதானே பாத்தேன், லோரன்ஸ் எப்படி வருஷா வருஷம் ஜெயிக்கறார்னு.'

தட்டை வேலி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

போட்டி அன்று, கம்பியில் தொங்கிய தகர எருமை சரிவில் பாய்ந்து இறங்கியது. ஃபானி இரண்டு குண்டு சுட்டார். இரண்டும் நெற்றியில். கால் அரை அடி கூட நகரவில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"தோளு என்னன்னே கேக்கல. இரும்பு வெச்சதும் நல்லதுக்குத்தான்."

நிதானமாகத் தோட்டா மாற்றி நேரம் போனதில் அவருக்கு ஆறாவதோ ஏழாவதோ இடம். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை. லோரன்ஸ் தன் தொப்பியை மேலே எறிந்து கத்தினார். முதலிடம் வழக்கம்போல லோரன்ஸுக்கு.

விருந்தின் நடுவில் வெற்றிக் கோப்பையைக் கையில் எடுத்தார் நடுவர் டீவால்ட். ஹானலி எழுந்தாள்.

"டீவால்ட் மாமா, லோரன்ஸ் தோட்டாவ உடைச்சுப் பாத்துட்டுக் குடுங்க."

"என்னம்மா இது?"

"பஞ்சு வெச்ச தோட்டா. எல்சபே அடைச்சத என் கண்ணால பாத்தேன். இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

எல்சபேயின் முகம் வெளுத்தது. வாயைத் திறந்த லோரன்ஸின் கையைப் பிடித்து அழுத்தினாள். "அடைச்சது நிஜம்தான்" என்றாள்.

லோரன்ஸிடம் மிஞ்சியிருந்த தோட்டாவின் குண்டை டீவால்ட் கழற்றினார். செய்தித்தாளில் மருந்து கொட்டியது. கழுத்து வரை மருந்து. பஞ்சு இல்லை.

"அப்ப அது யாருக்கு அடைச்சது?" என்றாள் ஹானலி.

எல்லோரும் தங்கள் தட்டில் இருந்த இறைச்சியையே பார்த்தார்கள். ஃபானி மட்டும் உற்சாகமாகச் சட்டைப் பையில் கை விட்டார்.

"எல்லாரோடதயும் உடைங்க மாமா. எங்கிட்ட ஒண்ணு மிச்சம் இருக்கு. மொதல்ல என்னோடது."

டீவால்ட் கையை நீட்டவில்லை.

ஹானலி கணவரைப் பார்த்தாள். அவர் தாடியில் வெள்ளையாக ஒரு பஞ்சு இழை, கருகின நுனியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கிட்டே போய், தாடியைத் தடவிவிடுகிற மாதிரி அதை எடுத்து உள்ளங்கையில் மூடினாள். அவர் கையிலிருந்த தோட்டாவையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம் மாமா" என்றாள் சத்தமாக. "நான் கண்ணாடி போடாம பாத்திருக்கேன். பொறாமை வேற. லோரன்ஸ், மன்னிச்சிடுங்க."

"இவளுக்குக் கண்ணு தெரியாதுங்கறது புதுசா?" என்றார் ஃபானி. "தெரிஞ்சிருந்தா என்னக் கட்டியிருப்பாளா?"

இடமே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு அவள் மேல். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பாத்திரம் கழுவும்போது எல்சபே மெதுவாகச் சொன்னாள். "ஃபானிக்குச் சந்தேகம் வரக்கூடாது. சத்தம் குறையாம உதை மட்டும் குறையணும். குண்டும் குறி வெச்ச எடத்துக்கே போகணும். மருந்தக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி நானே சுட்டுப் பாத்தேன்."

சட்டைக் காலரை விலக்கினாள். தோள் முழுக்க நீலம் பாரித்திருந்தது.

"லோரன்ஸுக்குத் தெரியுமா?"

"அவருக்கு மட்டுமா? குண்டோட வேகம் பாக்கற மெஷின ஃபானி முறை வந்தப்ப அணைச்சு வெச்சது யாருன்னு நினைக்கற? டீவால்ட் மாமாதான். அன்னிக்குச் சிரிச்சவங்க அத்தனை பேரும் எங்க வீட்டுக்கு வந்து கேட்டுக்கிட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியாது."

அதற்கப்புறம் ஃபானி சாகும்வரை, அவருடைய தோட்டாக்களை ஹானலிதான் அடைத்தாள்.