மூன்றாவது மாடி

தாம்பரம் தியேட்டரில் காமிக்ஸ் பாணிப் படம். முகமூடி போட்ட நாயகி பத்துப் பேரைப் பந்தாடிக்கொண்டிருந்தாள்.

“விக்கு வெச்ச ஆம்பளை டூப்பு!” என்று சிரித்தான் குமரேசன். “பொம்பளைக்கு ஃபைட்டு எதுக்கு? கல்யாணத்துக்கப்புறம் நீயும் அந்த ஸ்டன்ட் வேலைய வுட்டுடணும், இன்னா?”

அவனுக்கு நிச்சயம் செய்திருந்த கோகிலவாணி தன் மேலுதட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

திரையில் நாயகன் மூன்றாவது மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதித்தான். குமரேசன் எழுந்து நின்று விசிலடித்தான்.

“பாத்தியா? இவன் ஆம்பளை!”

“ஒக்காருங்க. அந்த ஹீரோவும் நானும் ஒரே உயரம். குதிச்சப்பகூட எனக்கு வலிக்கல. ஒட்டுமீசைய உரிச்சப்பதான் தோலோட வந்துடுச்சு.”

குமரேசன் பொத்தென்று உட்கார்ந்தான்.

“விசிலுக்குத் தேங்க்ஸ். வேலைய விடமாட்டேன்.”