எது முன்பக்கம்?

"இதுல எது முன்பக்கம், எது பின்பக்கம்?"

இத்தாலிக்கார வெரோலி மதாம்மை செதுக்கிய கல் சிலை வீட்டுக்கு வந்த அன்று சீதாலக்ஷ்மி இப்படித்தான் கேட்டாள். கண் இல்லை, மூக்கு இல்லை; நடுவில் ஓர் ஓட்டையோடு வளைந்து நின்றது அது.

"எங்க நின்னு பாக்கறயோ அதுதான் முன்பக்கம். மதாம்மையே சொன்னா," என்றான் அவள் புருஷன் நாகேஸ்வரன்.

"அப்ப அடிப்பக்கம்?"

"அதை யாரு கவிழ்த்துப் பாக்கப் போறா?"

ஆறு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. இன்று அந்தச் சிலையைத் துடைக்கும்போது நினைவுக்கு வந்தது, சிரித்துக்கொண்டான்.

சர்வே ஆபீஸில் வரைபடம் போடும் உத்தியோகம் அவனுக்கு. கிழக்கேகோட்டை வீட்டின் கூடம் முழுக்க அந்த இத்தாலிக்காரியின் கைவேலைதான். ஊரில் குடியிருந்து சீதாவுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவளை, இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் வடக்கே ஏதோ முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இனி ஒன்றும் வராது என்று இரண்டு மாதம் சோறு இறங்காமல் கிடந்தான்.

அப்புறம்தான் ஒரு நாள், பகல் தபாலில் வந்ததென்று சீதா, மரத்தில் செதுக்கி மையால் ஒற்றிய அச்சுப் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதிலிருந்து மூன்று வருஷத்தில் மொத்தம் நாலு படம் வந்தாயிற்று. எதிரி நாட்டுக்காரியின் தபால் உறை வீட்டில் இருக்கக்கூடாதென்று அதை மட்டும் அடுப்பில் போட்டுவிடுவாள்.

நாலாவது படத்தைச் சாம்பசிவனிடம் காட்டினான். நாளை டவுன் ஹாலில் இவற்றின் கண்காட்சி. எடுத்துப் போக உதவிக்கு வந்திருந்த ஆபீஸ் சிநேகிதன் அவன்.

"என்னடா இது? வெறும் கறுப்புக் கோடு."

"கொஞ்ச நேரம் பாரு."

சாம்பசிவன் பார்த்தான். வாயில் வெற்றிலையை மெல்ல மறந்தான். மழை என்று சொல்ல அதில் மழை இல்லை. ஆனாலும் பத்மதீர்த்தக் குளத்தில் முதல் துளி விழும்போது நெஞ்சில் ஆவது ஆயிற்று.

"முகாம்ல அடைபட்டுண்டு நம்ம குளத்தை நெனச்சிண்டிருக்கா," என்றான் நாகேஸ்வரன். காகிதத்தின் பின்புறத்தைத் தடவி விரலைக் காட்டினான். "வெள்ளைப் பொடி பாத்தயா? பூசணம் பிடிக்காம இருக்கத் தடவற இத்தாலிச் சுண்ணமாக்கும்."

"அதெல்லாம் சரி. படத்துக்கு அடியில வைக்கற அட்டையில அவ பேரைப் போடாதே. போலீஸ்காரன் வந்து நிப்பான், கேட்டயா? உன் உத்தியோகம் போயிடும்."

"போகட்டும். செஞ்சவா பேரு இல்லாம ஒரு படத்தையும் மாட்டமாட்டேன். பேரை மறைக்கறது திருட்டுடா."

சாம்பசிவன் தலையில் அடித்துக்கொண்டு ஜட்கா வண்டி பார்க்க வெளியே போனான்.

அட்டையில் எழுத நாகேஸ்வரன் பேனாவை மையில் தோய்த்தபோது சீதா நிலைப்படியில் நின்றாள்.

"என்ன?"

"ஒண்ணு கேக்கணும்."

"மூணு வருஷமா இதையே சொல்லிண்டு நிக்கறே. வைர மூக்குத்தின்னா நான் ஓடிப்போயிடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. "பேரைப் போட்டா நிஜமாவே வேலை போயிடுமா?"

"போகலாம்."

"இந்தப் படத்துக்காகவா?"

"இதைச் செஞ்ச கையை ஒரு தரம் கண்ணுல ஒத்திக்க முடிஞ்சா, வேலை என்னடி, எல்லாத்தையும் விட்டுடுவேன்."

சீதா சமையலறைக்குப் போனாள். அப்பளம் இடுகிற பலாப் பலகைகள் நாலையும் சுமந்து வந்து, அவன் முன்னால் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள்.

இடுக்குகளில் உளுந்து மாவும் கறுப்பு மையும் ஒட்டியிருக்க, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறி, அந்த நாலு படங்களும் அடிப்பக்கத்தில் செதுக்கப்பட்டிருந்தன.

"மதாம்மைகிட்ட நான் லேஸ் பின்ன மட்டும் கத்துக்கலை," என்றாள். "அந்த அட்டையில என் பேரை எழுதறேளா?"