வடக்கு மூலை

“ஐயாயிரத்து இருநூற்று எண்பது ரூபா. பதினோரு வருஷத்துச் சந்தா. மாசம் நாற்பது. நான் ஒண்ணும் கூட்டிப் போடல,” என்று சொல்லி, பொருளாளர் சபை நோட்டைக் கொத்தனார் பக்கம் திருப்பிக் காட்டினார்.

கொத்தனார் நோட்டைப் பார்க்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“இதைக் கட்டிட்டா கல்லறைத் தோட்டத்துல வடக்கு மூலை எனக்குக் கிடைச்சிடுமா சார்?”

சாம்பல் புதன் ஆராதனை அப்போதுதான் முடிந்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்தின் முதல் நாள். வந்தவர்கள் பதினோரு பேர், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அந்த எரிச்சலில் இருந்த பொருளாளருக்கு இந்தக் கேள்வி சிரிப்பை வரவழைத்தது.

வடக்கு மூலை காலி இடம். ஈஸ்டர் முடிந்ததும் அங்கே கழிவறைக்குக் குழி தோண்டுவதென்று சபைக் கமிட்டியில் முடிவாகியிருந்தது. கூலி எவ்வளவு ஆகும் என்று கேட்டு வரத்தான் நேற்று, மணியடிக்கிற கோயில்பிள்ளையைக் கொத்தனாரிடம் அனுப்பினார்கள். கூலியைச் சொல்லி அனுப்பாமல், ஒன்பது வருஷமாகக் கோயில் பக்கமே தலைகாட்டாத மனிதர் நேரிலேயே வந்து நிற்கிறார்.

“உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார்.”

“உங்க அம்மாவுக்கா?”

“அவங்க நல்லாத்தான் இருக்காங்க.”

“அப்புறம் என்ன அவசரம் கொத்தனாரே? பஸ்ஸுல துண்டு போட்டு ஜன்னல் சீட்டுப் பிடிக்கிற மாதிரி இப்பவே இடம் பிடிக்கிறீங்களா?”

வாசலில் நின்ற கோயில்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொத்தனார் முகத்தில் ஈயாடவில்லை.

“அந்த மூலையில மட்டும் தோண்ட வேண்டாம் சார். வாசல் கேட்டுப் பக்கம் தோண்டலாம். கூலியே வேண்டாம், நானே தோண்டித் தர்றேன்.”

“சந்தா பாக்கி இருந்தா இடம் கிடையாது. அதுதான் சட்டம். நான் போட்ட சட்டம் இல்ல.”

இருபது வருஷமாக இதையே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பொருளாளருக்கு நாக்கு மரத்துப் போயிருந்தது. யாரிடம் சொன்னோம், எப்போது சொன்னோம் என்ற கணக்கு மட்டும் எந்த நோட்டிலும் இல்லை.

“கையில காசு இல்ல. வேலையில கழிச்சுக்குங்க. உங்க சுற்றுச்சுவர்தான் பாதி விழுந்து கிடக்கே.”

பொருளாளர் மனக்கணக்குப் போட்டார். ஒரு நாள் கூலி எண்ணூற்று எண்பது. லெந்து முடிய இன்னும் ஆறு புதன்கிழமை. கணக்கு அச்சடித்தாற்போல் சரியாக வந்தது. சபைக்கும் ஒரு சுவர் லாபம்.

“சரி. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்,” என்றார்.

வாரா வாரம் கொத்தனார் வந்தார். விழுந்த கல்லைப் பொறுக்கி அடுக்கினார், கலவை குழைத்தார், பூசினார். சாயங்காலம் மணி அடித்ததும் கைகால் கழுவுவார். ஆனால் ஆராதனைக்கு உள்ளே வரமாட்டார். கடைசிப் பாட்டு முடிகிறவரை வடக்கு மூலையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்.

“இப்பவே இடத்தைப் பழகிக்கிறாரு போல சார்,” என்றார் கோயில்பிள்ளை. பொருளாளர் சிரித்தார்.

சிரிக்க வேறு எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்தாவது வாரம் ஆறு பேர். ஆர்மோனியம் வாசிக்கிறவர் கண் தெரியவில்லை என்று நின்றுவிட்டார். போதகர் காலி பெஞ்சுகளைப் பார்த்து இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வாசித்தார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைவிட வெளியே கல்லறையில் படுத்திருக்கும் ஜனம்தான் அதிகம் என்று பொருளாளருக்குத் தோன்றியது. இந்த நோட்டைத் தனக்குப் பிறகு வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை சுவர் முடிந்தது. பொருளாளர் தடவிப் பார்த்தார். ஒரு குறை சொல்ல முடியாது. பக்க அறைக்கு வந்து ரசீது போட்டார். ‘பாக்கி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

பிறகு கல்லறைப் பதிவேட்டைத் திறந்தார்.

“வடக்கு மூலை. எழுதியாச்சு. யார் பேருக்கு? உங்க பேரா, அம்மா பேரா?”

“பேரு வைக்கல சார்.”

“அப்போ அதைக் காலியா விடுறேன். தேதியும் காலியா இருக்கட்டும். அதை ஆண்டவர் பார்த்துக்குவாரு.”

“தேதியை எழுதிக்குங்க சார். எனக்குத் தெரியும்.”

பேனா நின்றுவிட்டது. பொருளாளர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன பேசுறீங்க? ஏதாச்சும் ஏடாகூடமா நினைச்சுக்கிட்டு…”

“ஒன்பது வருஷம் ஆச்சு சார். இதே மாதிரி பெரிய வெள்ளிக்கு முந்தின புதன். மூணு நாள் புள்ள. துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் வந்தேன். நீங்க கதவைக்கூட முழுசாத் திறக்கல. பாக்கியைக் கட்டிட்டு வான்னு சொன்னீங்க.”

பொருளாளர் யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் அந்த நாள் ஞாபகத்துக்கு வரவில்லை.

கொத்தனார் ரசீதை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு ராத்திரியே, விடியறதுக்குள்ள, அந்த மூலையில நானே தோண்டி வச்சுட்டுப் போயிட்டேன் சார். இன்னையோட பாக்கி தீர்ந்துச்சு. இனிமே எம்புள்ள அங்க திருட்டுத்தனமாப் படுத்திருக்க வேண்டாம்.”